கணினி நமது, கட்டளை யாருடையது?

சாகாமக் குளத்தின் கீழும் அதன் அயற்கண்டங்களிலும் நம் கமக்காரர் பெரும்போக விதைப்பிற்காக வயலைப் பண்படுத்தும் பருவத்திலே, 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆந் திகதியன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் என்னுமிடத்தில் அமர்ந்து உலகத்து மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவற்றை ஆட்டிப்படைக்கும் மைக்ரோசொப்ட் கம்பனி, தான் 2015 இல் வெளியிட்ட ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. வேண்டுவோர் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை ஓராண்டுத் தவணை உண்டு; அதன்பின் ‘விண்டோஸ் 11’ க்கு மாறிக்கொள்க என்பது அதன் கட்டளை. மாறலாமே என்பீர்கள். மாறுவதற்குக் கணினி இடங்கொடுக்க வேண்டுமன்றோ? அக்கம்பனி விதித்துள்ள நிபந்தனைகளின்படி, ஏறக்குறைய 2017 ஆம் ஆண்டிற்கு முற்பட்ட கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை புதிய இயங்குதளத்தை ஏற்கத் தகுதியற்றவை. அவை பழுதுபட்டனவல்ல. விசைப்பலகை வேலை செய்கிறது, திரை ஒளிர்கிறது, வன்தட்டுச் சுழல்கிறது. ஆயினும் அவற்றின் ஆயுள் முடிந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டுவிட்டது. விசாரணை இல்லை, எதிர்வாதம் இல்லை, மேன்முறையீடும் இல்லை.

இயங்குதளம் எனப்படுவது யாதெனில், கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒன்றிணைத்து, நாம் இடும் பணிகளை அவற்றைக் கொண்டு செய்விக்கும் ஆதார மென்பொருளாகும். நம் பிள்ளைகளின் பாடநூல்கள் இதனைப் ‘பணிசெயல் முறைமை’ என்கின்றன. வயலுக்கு வட்டை விதானை எப்படியோ, கணினிக்கு இது அப்படி. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது, யாருக்கு முதல், யாருக்குப் பின் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இதுவே. அவ்விதானையாரை நாம் கன்னாக் கூட்டத்திலே கேள்வி கேட்கிறோம். தவறினால் மாற்றக் கோருகிறோம். நம் வீட்டு மேசைமேல் இருக்கும் விதானையாரையோ நாம் கேள்வி கேட்க முடியாது. அவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கவும் நமக்கு அனுமதியில்லை.

‘நாட்டிலே எரியும் பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, ஓர் அரசியல் வார ஏடு கணினியைப் பற்றித் தலையங்கம் தீட்டுவதா?’ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். 2021 ஆம் ஆண்டில் ஒரே ஓர் அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நம் வயல்கள் பட்ட பாட்டை அவ்வன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது உண்மையே. ஆனால் இழந்த விளைச்சலை எந்த அறிவித்தல் திருப்பித் தந்தது? எங்கோ ஒருவர் இடும் ஒரு கையெழுத்து நம் வாழ்வைப் புரட்டிவிடுமாயின், அஃது அரசியற் பிரச்சினையே. கையெழுத்து இட்டவர் கொழும்பில் இருந்தாலென்ன, ரெட்மண்டில் இருந்தாலென்ன?

நம் பகுதியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கல்முனை தொட்டுப் பொத்துவில் வரையுள்ள இக்கரையோரத்திலே வீட்டுக்குக் கணினி வந்த வகை பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளை சாதாரண தரம் படிக்கிறது அல்லது உயர்தரம் படிக்கிறது. 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. தந்தை நெல் விற்ற காசிலோ, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய காசிலோ, பாவித்த மடிகணினி ஒன்று வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2022 இல், நாடு கடனைத் திருப்பிச் செலுத்தமுடியாது கைவிரித்தது. ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. புதிய கணினி என்பது சம்பளக்காரருக்கே கைக்கெட்டாத பொருளாயிற்றென்றால், இரண்டு ஏக்கர் செய்கைக்காரரின் நிலைமையைச் சொல்லவும் வேண்டுமா? இந்நிலையில் அக்கணினியையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்று சொல்வது, பஞ்சத்தில் அடிபட்டவனைப் பார்த்துப் பலகாரம் உண்ணச் சொல்வது போன்றதே.

பிறர் கதையைச் சொல்வதற்கு முன் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவதே நேர்மை. இத்தலையங்கத்தை எழுதும் நாம் நீதிமன்றத்திலே கறுப்பு அங்கி அணிந்து நிற்பவர். சட்டம் இது, சட்டம் அது என்று நாள்தோறும் வாதாடுபவர். நம் வீட்டு மேசையிலிருந்த கணினியிலோ பல்லாண்டு காலம் ஓடிக்கொண்டிருந்தது திருட்டுப் பிரதியே! கணினி நோயுறும்போதெல்லாம் பட்டணத்துக் கடையொன்றிற்குத் தூக்கிச் செல்வோம், சில நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு அவர்கள் ‘விண்டோஸ் அடித்து’த் தருவார்கள், சில மாதத்தில் மீண்டும் நோய். ஒருமுறை வைரஸ் புகுந்ததில், காணி வழக்கொன்றிற்காக இரவிரவாகத் தட்டிவைத்த முறைப்பாட்டு வரைவு முழுவதும் அழிந்தது. மறுநாட் காலை கட்சிக்காரர் முன்னிலையில் நாம் அசடு வழிய நின்ற நிலையை இங்கு விரிக்க விரும்பவில்லை.

இதிலுள்ள சட்ட நிலைமையைப் பொதுமக்கள் அறிந்திருத்தல் நன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் நூல்களுக்குள்ளதைப் போன்ற பதிப்புரிமைப் பாதுகாப்பை அளிக்கிறது. உரிமை மீறிய பிரதி என்று தெரிந்திருந்தும், அல்லது அவ்வாறு நம்பக் காரணமிருந்தும், அதனை வணிக இலாபத்திற்காகப் பயன்படுத்துவோருக்கு ஐந்து இலட்சம் ரூபா வரையிலான தண்டமோ ஆறு மாதம் வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. வீட்டிற் பாடம் படிக்கும் பிள்ளையை நாளைக்கே பிடித்துக் கூட்டில் ஏற்றிவிடுவார்கள் என்று நாம் பூச்சாண்டி காட்டவில்லை. ஆனால் சட்டத்தரணியின் அலுவலகமும், கணக்காளரின் அலுவலகமும், நெல் ஆலையின் கணக்குப்பிள்ளை மேசையும் வீட்டுப் பாடம் அல்லவே! அங்கு ஓடும் திருட்டுப் பிரதி, உரிமையாளருக்கு மனம் வந்தால் வழக்காகக்கூடிய பொருள். சட்டத்தை மீறுவது வேறு வழியில்லாமையால் என்று சொல்லி நெடுநாள் ஒப்பேற்றிவிட்டோம். வேறு வழி உண்டு என்று தெரிந்தபின் அவ்வாதம் நிற்காது.

சரி, முழுப் பணமுங் கொடுத்து முறைப்படி வாங்கியவர் நிலைமை என்ன? அவராவது உரிமையாளரா? இல்லை. அவருக்கு விற்கப்படுவது மென்பொருள் அன்று. அதனைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. நம் கமக்காரருக்கு இதனை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் பெற்றுப் பயிர் செய்யும் நம் மக்கள், உறுதிக் காணிக்கும் பத்திரக் காணிக்கும் உள்ள வேற்றுமையைத் தம் தோலிலே உணர்ந்தவர்கள். காடு வெட்டியவனும் நீயே. வரம்பு கட்டியவனும் நீயே. ஆனால் விற்கக் கூடாது, நிபந்தனை மீறக் கூடாது. அது போன்றதே கணினிக்குள் ஓடும் இவ்வனுமதியும். ஒரு வேற்றுமை உண்டு: காணிப் பத்திரத்தின் நிபந்தனைகளை நாம் வாசித்துப் பார்த்தே ஒப்பமிடுகிறோம்; கணினிப் பத்திரத்தையோ நம்மில் நூற்றுக்கு ஒருவர்கூட வாசிப்பதில்லை. ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு மேலே போகிறோம். பிறர் உறுதிகளைப் பரிசீலித்துக் கட்டணம் வாங்கும் நாமும் அப்படித்தான் அழுத்தினோம்.

இவ்வடிமை ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த ஒருவர் 1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவிலிருந்தே புறப்பட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பது அவர் பெயர். எவரும் இயக்கவும், உள்ளே பார்த்துக் கற்கவும், பிரதி எடுத்து அயலவனுக்குக் கொடுக்கவும், திருத்தி வெளியிடவும் உரிமையுள்ள ஒரு முழு இயங்குதளத்தை ஆக்கப்போகிறேன் என்று அவர் அறிவித்தார். அதற்கு ‘குனூ’ எனப் பெயரிட்டார். அவருடைய பணியிலே சட்டம் படித்தவர்களாகிய நம்மை வியக்கவைப்பது மென்பொருளினும் அவர் இயற்றிய உரிமப் பத்திரமே. 1989 இல் வெளியான அப்பத்திரம், பதிப்புரிமைச் சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, அதே சட்டத்தைக் கையிலெடுத்து, ‘இதனை யாரும் பிரதி பண்ணலாம், திருத்தலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்கினால் நீ பெற்ற அதே உரிமைகளோடு வழங்கவேண்டும்’ என்று கட்டியது. வேலி போடுவதற்கென்று பிறந்த சட்டத்தைக் கொண்டே வேலி போட முடியாத பொதுக் காணியை உண்டாக்கிவிட்டார்! இதனை ஒரு சட்ட நுணுக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாற் செல்ல நமக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பொதுக் குளங்களும் மேய்ச்சற்றரைகளும் தனியார் வேலிக்குள் போனதைக் கண்ட வழக்கறிஞன் எவனும் அப்பத்திரத்தை வாசித்தால் ஒருகணம் நின்று சிந்திப்பான்.

குனூத் திட்டத்துக்குக் குறையாக இருந்த மையப் பகுதியைக் கொண்டு வந்தவர் பின்லாந்து நாட்டு மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஓகஸ்டில் அவர் அதனை அறிவித்தபோது அவருக்கு வயது 21. மறு ஆண்டு அதனை ஸ்டால்மனின் உரிமப் பத்திரத்தின் கீழ் வெளியிட்டார். அதுவே ‘லினக்ஸ்’. அன்று ஒரு மாணவரின் பொழுதுபோக்கு. இன்று உலகின் மிகப் பெரிய 500 மீக்கணினிகளில், 2017 நவம்பர் முதற்கொண்டு, ஒவ்வொன்றும் லினக்சிலேயே ஓடுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? வயல் வரம்பிலே நின்று பேசும் கமக்காரரின் சட்டைப்பையிலுள்ள அன்ரொயிட் கைபேசியின் மையமும் லினக்சே. ஆகவே இஃது ஏதோ படித்தவர்களின் விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர், தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்களாக.

விதைநெல்லைப் பற்றி நம் கமக்காரருக்கு நாம் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. நல்ல விளைச்சலில் ஒரு பங்கை அடுத்த போகத்திற்கு எடுத்து வைப்பதும், அயலவன் கேட்டால் ஒரு மூடை கொடுப்பதும், அவன் தன் மண்ணுக்கேற்ற இனத்தைத் தெரிந்து பெருக்குவதும் நாம் பிறக்குமுன்பே இருந்த வழக்கம். கட்டற்ற மென்பொருள் அத்தகைய விதைநெல். விண்டோஸ் போன்றவை, விதைத்தவன் மறுபோகத்திற்கு எடுத்துவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்கப்படும் விதை. முன்னதை அயலவனுக்குக் கொடுத்தால் அது தருமம்; பின்னதைக் கொடுத்தால் அது குற்றம்.

இனி, இதெல்லாம் மேலைநாட்டுக் கதை என்று எவரும் ஒதுக்கிவிடாதிருக்க, நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்ட ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனையும் திருக்கோவிலும் தம் மக்களை மண்ணுக்குக் கொடுத்த அந்நாட்களில், காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த உதவி அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன தேவை என்பவற்றைக் கணக்கெடுக்க நாட்டில் ஒரு முறை இருக்கவில்லை. அவ்வேளையில் கொழும்பிலுள்ள கணினித் துறையினர் பலர் தம் சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூடினர். 2003 இல் தொடங்கப்பெற்ற லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அவர்களுக்குப் பக்கபலமாயிற்று. லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களையே அடித்தளமாகக் கொண்டு சில வாரங்களில் அவர்கள் ஆக்கியதே ‘சஹானா’. நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது.

அவர்கள் அதனை விற்கவில்லை, பூட்டவுமில்லை. எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டனர். அதன் பயன் யாதாயிற்று? 2005 இல் பாகிஸ்தானில் நில நடுக்கம் நேர்ந்தபோது அங்கே பயன்பட்டது. 2006 இல் பிலிப்பைன்சில் மலை சரிந்தபோது அங்கே பயன்பட்டது. அவ்வாண்டே இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவிலும் பயன்பட்டது. ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமுதாயப் பயன்பாட்டுக்கான 2006 ஆம் ஆண்டு விருதை அதற்கு அளித்தது. நம் கரையை அழித்த அலையிலிருந்து பிறந்த ஒரு பொருள், நாம் கண்டறியாத நாடுகளில் பிணக்குவியல்களுக்கிடையே உயிரோடிருப்போரைத் தேட உதவியிருக்கிறது. இக்கரையிலுள்ள பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகள் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கின்றனர்? ஆண்டுதோறும் நினைவஞ்சலிக் கூட்டம் வைக்கிறோம். அக்கூட்டத்தில் இதனையும் ஒருவர் எழுந்து சொன்னால் என்ன?

மொழியின் பக்கம் வருவோம். தமிழ் பேசும் மக்களாகிய நாம் நம் மொழிக்குரிய இடத்தை ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். 1956 இற் சிங்களம் மட்டும் என்றார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எழுதப்பட்டபின்பும் படிவம் கிடைப்பதற்குக் காத்திருக்கிறோம். ஆனால் கட்டற்ற மென்பொருளின் வாசலில் நாம் யாரையும் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே, தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரந்திருந்த தமிழர் சிலர், ‘தமிழ் லினக்ஸ்’ என்ற எண்ணத்தோடு கூடி, கேடிஈ முதலிய திரைச்சூழல்களின் ஆயிரக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். பின்னர் ஓப்பன் ஆபீசும் பயர்பொக்சும் தமிழ் பேசின. சம்பளம் இல்லை, பதவி இல்லை, அனுமதி கேட்கவுமில்லை. மைக்ரோசொப்ட் கம்பனியும் தமிழ் இடைமுகப் பொதிகளை வெளியிட்டது. அதனை நாம் மறைக்கவில்லை. வேற்றுமை இதுவே: அங்கே ஒரு சொல் பிழையென்றால் விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்கவேண்டும், இங்கே நீங்களே திருத்தி அனுப்பலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிக் காத்துவரும் ‘நூலகம்’ திட்டமும், மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே எழுந்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்கித்தான் தொடங்குவோம் என்று அவ்விளைஞர் இருந்திருந்தால், நம் ஏடுகள் இன்னும் கறையானுக்கே இரையாகிக்கொண்டிருக்கும்.

குறை இல்லையா? உண்டு. தமிழாக்கம் எல்லா இடத்திலும் முழுமையாக இல்லை. திரையிலே தமிழ் வந்துகொண்டிருக்கையில் இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டும். சில சொற்கள் தமிழ்நாட்டு வழக்கில் இருப்பதால் நம்மவருக்குப் புதிதாகத் தோன்றும். இக்குறைகளை நீக்க நம் ஆசிரியர்கள் நான்கு பேர் அமர்ந்தாற் போதுமே!

நம் வீட்டுக்கு மீள்கிறோம். பல்கலைக்கழகத்திற் பயிலும் மருமகன் ஒருநாள் வந்தவர், கணினி ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ‘மாமா, வன்தட்டிலே கைவைக்க வேண்டாம். முதலில் இந்தப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்’ என்றார். லினக்ஸ் மின்ற் என்னும் இயங்குதளம் அதில் இருந்தது. லினக்ஸ் என்பது ஒரே மையம். அதனைச் சுற்றி உபுண்டு, டெபியன், மின்ற் என்றெல்லாம் பல இனங்கள் உண்டு, நெல்லினங்கள் போல. எதையும் மாற்றாமல் அப்படியே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். இணையம் இணைந்தது; ஒலி வந்தது; பழைய ஆவணங்கள் திறந்தன. பின்பு நம் கோப்புகளையெல்லாம் வேறொரு தட்டிற் பிரதி எடுத்து வைத்துவிட்டுத் துணிந்து நிறுவினோம். அரை மணி நேரத்துக்குமேற் செல்லவில்லை. பத்தாண்டுப் பழைய அக்கணினியின் நினைவகம் நான்கு கிகாபைற் மாத்திரமே. ஆயினும் இத்தலையங்கம் அதிலேயே தட்டச்சாகிறது. மின்ற்றின் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் முடிந்தால் அடுத்த பதிப்பைக் காசின்றி ஏற்றலாம்.

இடர்ப்பட்ட இடங்களையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். முதலாவது இடர் பாமினி. நம் நாட்டுத் தமிழ்த் தட்டச்சாளர் பெரும்பாலோர் பாமினி எழுத்துருவிலே பழகியவர்கள். நம் அலுவலகத்திலுள்ள உறுதி வரைவுகளும் பத்திரங்களும் அதிலேயே இருக்கின்றன. லினக்சில் திறந்தபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்க, நமக்கு நெஞ்சு திக்கென்றது! பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதி பண்ணி உரிய இடத்தில் இட்டதும் அத்தனையும் தமிழாகிவிட்டது. ஒருங்குறியிற் தட்டச்சிட விரும்புவோருக்கு, நம் நாட்டிலே வழங்கும் ரங்கநாதன் விசைப்பலகையும், 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 உம் அங்கே இருக்கின்றன. இரண்டாவது இடர் அச்சுப்பொறி. பெரும்பாலானவை இணைத்த உடனே வேலை செய்கின்றன. சில மலிவு வகைகள் அடம்பிடிக்கின்றன. நம்முடையது அடம்பிடித்தது, மருமகன் ஓர் இரவு அதனோடு மல்லாடினார். மூன்றாவது, கணக்காளர் சிலர் பாவிக்கும் மென்பொருள்கள் விண்டோசுக்கென்றே எழுதப்பட்டவை. அவர்கள் அவசரப்பட வேண்டாம். இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. எழுத்து வேலைக்கும் கணக்கு அட்டவணைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். எனினும் பிறர் அனுப்பும் வேர்ட் ஆவணங்களில் வரிகளும் கட்டங்களும் சில வேளைகளில் இடம் பெயரும். மனுவைக் கோப்பிலிடுமுன் ஒருமுறை கண்ணோட்டம் விடுக.

‘இனாமாகக் கிடைப்பதில் பாதுகாப்பு இருக்குமா?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் கட்டற்ற மென்பொருளில் யாரோ ஒருவர் நம்பிக்கைக்குரியவர் போல நடித்துக் கள்ளக்கதவு ஒன்றை வைத்துவிட்டது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர் அன்ட்ரெஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர். வேறு வேலையில் இருந்தவர், தொலைநுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஐயுற்று மூலத்தைத் தோண்டிப் பார்த்தார். அவர் மைக்ரோசொப்ட் கம்பனியிலேயே வேலை பார்த்தவர் என்பது இதிலுள்ள வேடிக்கை. மூலம் திறந்திருந்தபடியால் அவராற் பார்க்க முடிந்தது; கதவு பரவலாகத் திறக்கப்படுமுன் அடைக்கப்பட்டது. மறுபுறம், 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்னும் கொள்ளை நிரல், திருத்தம் இடப்படாதிருந்த விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்து பிரித்தானிய மருத்துவமனைகளையே முடக்கியது. அதற்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. திருத்தம் கிடைத்தும் இடாதவர் கதி அதுவென்றால், திருத்தமே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்போரின் கதியை எண்ணிப் பாருங்கள்.

அயலிலே கேரளத்தைப் பாருங்கள். 2001 இல் தொடங்கிய அம்மாநிலப் பாடசாலைக் கணினித் திட்டம், சில ஆண்டுகளிலேயே முழுவதும் குனூ லினக்சுக்கு மாறியது. பிள்ளைகள் தங்கள் தாய்மொழியிலே அதனைப் பயில்கின்றனர். ஆசிரியர்களைப் பயிற்றிவிட்டே அம்மாற்றத்தைச் செய்தார்கள் என்பதை நம் கல்வி அதிகாரிகள் கவனிக்க. தமிழ்நாடு 2011 இல் மாணவர்க்கு மடிகணினி வழங்கத் தொடங்கியபோது, இந்தியாவில் ஆக்கப்பட்ட பொஸ் லினக்சையும் விண்டோசையும் சேர்த்தே வைத்தது. கையில் இரண்டையுங் கொடுத்துவிட்டுக் கற்பிக்க ஆளில்லையென்றால், ஏற்கெனவே பழகியதுதான் வெல்லும் என்பது நம் எண்ணம். ஜேர்மனியின் மியூனிக் மாநகரம் 2003 இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்துப் பெரும் பாடுபட்டு மாறியது. 2017 இல் மாநகர சபை மீண்டும் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024 இல் தன் 30,000 அரசாங்கக் கணினிகளையும் இவ்வழிக்குக் கொண்டுவர முடிவு செய்தது. ஆகவே இது வெற்றி முரசு மட்டும் கொட்டும் கதையன்று. சபை மாறினால் தீர்மானமும் மாறும். வீட்டிலே சபை நாமே.

இனி நம் கோரிக்கைகளைச் சொல்கிறோம். பிள்ளைகள் தகவல் தொழினுட்பப் பாடத்திலே லினக்ஸ் என்ற பெயரை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆனால் ஆய்வுகூடத்தில் அதனைக் கண்ணாற் காண்பதில்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களின் பணிப்பாளர்கள், பழுதென்று மூலையிற் குவித்த கணினிகளுள் ஐந்தையாவது ஒவ்வொரு பாடசாலையிலும் லினக்ஸ் கொண்டு மீட்டெடுக்க ஆணையிடவேண்டும். பிரதேச செயலகங்களும் கமநல சேவை நிலையங்களும் தாம் வெளியிடும் படிவங்களை, ஒரு கம்பனியின் மென்பொருள் இருந்தாற்றான் திறக்கும் என்ற நிலைமையில் வெளியிடக் கூடாது. அரசாங்கத்திடம் மானியம் கேட்கும் கமக்காரன், அதற்குமுன் அமெரிக்கக் கம்பனிக்குக் கப்பம் கட்டவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பிரதேச சபை நூலகங்களிலே, இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவ்களைப் புத்தகம் போல் இரவல் கொடுக்கலாம். மூன்று கிகாபைற் அளவுள்ளதை ஒவ்வொருவரும் தம் டேற்றாவிற் காசு கொட்டி இறக்கவேண்டியதில்லை. ஒருவர் இறக்கினால் ஊருக்கே போதும். அதனைப் பிரதி பண்ணுவது சட்டப்படியே குற்றமன்று என்பதைச் சட்டத்தரணி என்ற முறையில் நாம் உறுதிப்படுத்துகிறோம்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர்களை வேண்டிக்கொள்வது வேறொன்று. தமிழர் ஊர், முஸ்லிம் ஊர் என்று பாராமல், விடுமுறையில் ஆளுக்கு ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாள் எடுத்து வயலுக்கு இறங்க உங்களை அழைக்கவில்லை. ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரவே அழைக்கிறோம்.

பெரும்போக அறுவடை முடிந்து கைகள் ஓய்ந்திருக்கும் சித்திரை விடுமுறையிலே, இவ்வேட்டின் அலுவலகத்தில் இரு சனிக்கிழமைகள் மருமகனும் அவர் தோழர்களும் காத்திருப்பர். கட்டணம் இல்லை, தேநீர் உண்டு. பழைய கணினியைக் கொண்டு வருவோர், அதிலுள்ள பிள்ளைகளின் படங்களையும் காணிப் பத்திரப் பிரதிகளையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டே வருக. அச்சுப்பொறியின் வகையையும் இலக்கத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருக.